மரம் நீங்கலாக

காரியேந்தல் கூட்டுறவு காலனி இரண்டாம் தெருவில் புங்கமரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அதன் நிழலை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டார்கள் என்றுதான் முதல் நாள் எல்லாரும் நினைத்தார்கள். பெரிய சாமானை ஏற்றிவிட்டுச் சின்னச் சாமானுக்கு இன்னொரு நடை வருவது வழக்கந்தானே, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இஸ்திரி வண்டி அய்யாவு எப்போதும் நிற்கிற இடத்தில் எப்போதும்போல வண்டியை நிறுத்தி, இல்லாத மரத்தின் இருக்கிற நிழலில் எட்டாம் நம்பர் வீட்டு வேட்டியை விரித்துத் தண்ணீர் தெளித்தார். மரம் நின்ற இடத்தில் வெளுத்த வட்டமாய் ஓர் அடிக்கட்டை. அதிலிருந்து கிளம்பிய நிழலோ தண்டும் கிளையும் கொப்புமாய், இலைக்கு இலை பிசகாமல், காற்றடித்தால் அசைந்தும் காற்று நின்றால் நின்றும், காம்பவுண்டுச் சுவரேறி வடக்கு வீட்டு மொட்டை மாடி வரைக்கும் படுத்திருந்தது. நடுக்கிளையில் காக்கைக்கூட்டின் நிழல்கூட இருந்தது. அதற்கு ஒரு காக்கையின் நிழல் வந்துபோய்க்கொண்டிருந்தது.

"இது நடக்காது" என்று சொன்னவள் தெருவிலேயே ஒருத்திதான். வடக்கு வீட்டுச் செம்மலர்.

"மரம் இல்லைன்னா நிழல் இல்லை. இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு?" என்றாள், மாடிப்படியில் நின்று.

"அப்ப இது என்னா பிள்ள?" என்று அய்யாவு இஸ்திரிப் பெட்டியாலேயே சுட்டிக் காட்டிக் கேட்டார்.

"இது... இன்னும் போகாம இருக்கு. அவ்வளவுதான்."

"அதத்தான நாங்களும் சொல்றோம்."

செம்மலரிடம் வாதத்தில் ஜெயித்தவர்கள் காரியேந்தலில் அதுவரைக்கும் யாரும் கிடையாது. அய்யாவும் தான் ஜெயித்ததை அறியாமல் அடுத்த வேட்டியை எடுத்தார்.

அவள் பொருளாதாரம் முதுகலை இரண்டாம் வருடம். பல்கலைக்கழக வழக்காடு மன்றத்தில் வாங்கிய கோப்பைகள் நாலு, அப்பா கருப்பையா பஸ் டெப்போவில் வாங்கிய விபத்தில்லாச் சேவைக் கேடயத்துக்குப் பக்கத்தில் அலமாரியில் இருந்தன. பிறந்த பிள்ளைகள் அம்மா என்றோ அத்தை என்றோ பேச ஆரம்பிக்கும். இவள் ஏன் என்று ஆரம்பித்தாள் என்று அம்மா இந்திராணி யாரிடமும் சொல்வாள். நாலாவது கோப்பை நிலக்கரிக்கு எதிராகப் பேசி வாங்கியது. அன்று மேடையில் அவள் பேசப் பேச நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது, அப்புறம் நடுவரும் கூட்டமும் வீட்டுக்குப் போய் அதே நிலக்கரியில் எரிந்த விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் படுத்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பேசுவதும் பிறகு விசிறிக்கடியில் போய்ப் படுப்பதும் என்ன நேர்மை? ஆகவே தை மாதம் ஊருக்கு வந்தவள் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தாள். மேலே கொட்டை எழுத்தில், "உங்கள் வீட்டுக்குச் சூரிய மின்சாரம் பொருந்துமா? பத்துக் கேள்விகள்."

கூரை சொந்தமா? ஆம். தளம் கான்கிரீட்டா? ஆம். தெற்கு பார்த்த இடம் உண்டா? ஆம். பகலில் வீட்டில் ஆள் இருப்பார்களா, மின்சாரம் பகலில் செலவாகுமா? ஆம், அம்மா இருப்பாள், கிரைண்டர் ஓடும். பேனலைத் துடைக்கத் தண்ணீர் உண்டா, ஏறுவதற்குப் படி உண்டா? ஆம், ஆம். லைன் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும், பேட்டரி தனி, சம்மதமா? சம்மதம். இருபத்தைந்து வருடம் இதே வீட்டில் இருப்பீர்களா என்ற கேள்விக்குக் கருப்பையா, "வீடு இருக்கும் ஆத்தா, நான் இருக்கணுமே" என்று சிரித்தார். அதையும் ஆம் என்றே குறித்தாள். இந்திராணிக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது.

"மாடி பூராம் கண்ணாடியப் பரப்பிட்டா நான் வத்தல் எங்கடி போட?"

"கால் போட்டு இடுப்பு உசரத்துல நிறுத்துவாங்கம்மா. கீழ எடம் கிடக்கும்."

"கீழ நிழலால்ல இருக்கும். வத்தல் நிழல்ல காயுமா?"

செம்மலர் அடுத்த கேள்விக்குப் போனாள். ஒன்பதாவது கேள்வி: கூரைமேல் நிழல் விழுகிறதா? அதில்தான் பேனா நின்றது. பத்தாவது, "நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?" அதன் எதிரே ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

சோலார் கம்பெனியிலிருந்து அளந்து பார்க்க வந்த நவநீதன் மாடியில் நாலு திக்கும் நடந்தான், போனைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தான், பிறகு தெற்கு வீட்டிலிருந்து காம்பவுண்டு தாண்டி மாடிமேல் கையை நீட்டிக்கொண்டிருந்த புங்கமரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "எல்லாம் ஓகே மேடம், இந்த மரந்தான். திருவிழாவுல சீரியல் பல்பு பாத்திருக்கீங்கள்ல? ஒண்ணு போனா வரிசையே மக்கர் பண்ணும். அந்த மாதிரிதான் இதுவும். ஒரு பேனல்ல ஓர் இலை அளவு நிழல் நின்னாலும் வரிசை மொத்தமும் சுணங்கும்."

"மரத்த வெட்டி உலகத்தக் காப்பாத்தப் போறீகளாக்கும்" என்று அய்யாவு கீழே இருந்து கேட்டதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஒரு புங்கமரம் வருடத்துக்கு எத்தனை கிலோ கரிப்புகையை உறிஞ்சும், பத்துப் பேனல் வருடத்துக்கு எத்தனை கிலோ கரிப்புகையை எழவிடாமல் தடுக்கும் என்று இரண்டு எண் சொன்னாள். இரண்டாவது எண் மிகப் பெரிய எண். கணக்கு சரியான கணக்குதான். இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

மரம் பிலோமினாவுடையது. பால்வாடி டீச்சர், கல்யாணம் கட்டாதவர், ஐம்பத்துநாலு வயது. செம்மலருக்கு அத்தை. உறவில் அத்தை இல்லை, வேற மதம், வேற ஊர், ஆனாலும் அத்தை. பள்ளிக்கூட நாளில் அவளுடைய பேச்செல்லாம் முதலில் அரங்கேறியது அந்த மரத்தடியில்தான். எதிர்த்துப் பேச ஆள் வேண்டுமென்று பிலோமினாவை எதிரணியில் உட்காரவைப்பாள். அவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "நீ சொல்றதுதான் சரி பிள்ள, ஜெயிச்சிருவ" என்று கட்சி மாறிவிடுவார். "அய்யோ அத்தை, எதிர்த்துப் பேசுங்க!" என்று இவள் காலை உதைப்பாள். "எனக்கு அது வரமாட்டேங்குதேத்தா" என்பார்.

அன்றைக்கும் அதே மரத்தடியில் முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செம்மலர் துண்டுப் பிரசுரத்தோடு போய் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினாள். உருகும் பனி, மூழ்கும் தீவு, தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல், இரண்டு எண்கள். பிலோமினா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில்,

"அது இருக்குதேம்மா. இருக்கட்டுமே" என்றார்.

"ஏன் இருக்கணும்? ஒரு காரணம் சொல்லுங்க அத்தை."

"காரணமா?" என்று அண்ணாந்து பார்த்தார், ஏதோ ஒரு கொப்பில் அதைச் செருகி வைத்திருப்பதைப்போல. "காரணம்னு என்னத்தச் சொல்ல. இருக்கு. அதான், இருக்கட்டும்னு."

"அது காரணம் இல்ல. காய் எடுத்து எண்ணெய் ஆட்டுறீங்களா?"

"இல்ல."

"நீங்க நட்டதா?"

"இல்லத்தா, நான் வீடு வாங்குறப்பவே நின்னுச்சு."

"நேர்ந்துக்கிட்டீங்களா, கும்பிடுறீங்களா?"

"சே சே."

"பெறகு? இருக்கிறதெல்லாம் இருக்கட்டும்னு சொன்னா உலகத்துல எதைத்தான் மாத்த முடியும்? அந்தக் காலத்துல தெருவுல செருப்புப் போட்டு நடக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. இருக்கு, இருக்கட்டும்னா விட்டோம்?"

பிலோமினா ஒரு கீரைக்காம்பை முறித்துப் போட்டார். "அது சரிதான். நீ சொல்றது சரிதான்" என்றார். பிறகு முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சரி, இருக்கட்டும். எடுத்துக்க" என்றார்.

தமிழில் இந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற பவிசு வேறு எதற்கும் கிடையாது. இது இருந்த இடத்தில் இருக்கவேண்டும் என்றாலும் இருக்கட்டும். இன்னொரு தோசை வை என்பவரிடம் போதும் என்று சொல்லவும் இருக்கட்டும். காலை மிதித்தவர் பதறினால் வலித்துக்கொண்டே சொல்வதும் இருக்கட்டும். நம்மோடது போனாலும் போகிறது, உன் மனசு நோகவேண்டாம் என்பதற்கும் அதே இருக்கட்டும். பிலோமினா முதலில் சொன்னது முதல் வகை, முடிவில் சொன்னது கடைசி வகை. நாலு கோப்பை வாங்கியவளுக்கு இரண்டும் ஒரே சொல்லாகக் காதில் விழுந்தது. வேறு வாதம் இல்லாததால் சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்று முடிவு கட்டினாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அது ஒரு காரணமாகாது.

நேர்மையானவள் ஆதலால் கையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். "தங்கள் மனையிலுள்ள புங்கமரத்தை அகற்ற இசைந்தமைக்கு நன்றி. மரம் நீங்கலாக மற்ற யாவும் இருந்தது இருந்தபடியே இருக்கும் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." துணிக்கொடி, காம்பவுண்டுச் சுவர், செம்பருத்தி, தண்ணீர்க் குழாய் என்று முதலில் பட்டியல்தான் போட்டாள். பட்டியல் போட்டால் ஏதாவது விட்டுப்போகும், மற்ற யாவும் என்று எழுதினால் எதுவும் தப்பாது என்று அடித்துத் திருத்தினாள். பிலோமினா அதை வாசித்து, "உன் கையெழுத்து இன்னும் அப்படியே முத்து முத்தா இருக்கு" என்று சொல்லி பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

மாசி மாதம் மரம் வெட்ட ஒச்சப்பன் வந்தான். கோடாலியை மரத்தில் சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றான். "வெட்டச் சொன்னவுக ஒரு வார்த்த சொல்லணும். இதுல இருக்கிறதெல்லாம் எறங்கி வேற எடம் போகட்டும்னு. சொன்னாத்தான் நான் கை வைப்பேன்."

"அதெல்லாம் மூடநம்பிக்கை அண்ணே. எழுத்துல குடுத்திருக்கேன். மரம் மட்டும் போகணும், மத்தது எல்லாம் இருந்தபடி இருக்கணும். அதான் பேச்சு."

ஒச்சப்பன் அவளை ஒரு பார்வை, மரத்தை ஒரு பார்வை பார்த்தான். "சரித்தா. நீங்க சொல்றபடி" என்று கோடாலியை எடுத்தான்.

நிழல் இரண்டொரு நாளில் வெளிறிப் போய்விடும் என்று செம்மலர் எல்லாரிடமும் சொன்னாள். போகவில்லை. பேனல் மாட்ட வந்த நவநீதன் தயங்கினான். அவள் அவனுடைய படிவத்தையே எடுத்துக் காட்டினாள். நிழல் தரும் பொருள்: மரம். மரம் உண்டா? இல்லை. ஆகவே நிழல் இல்லை. நவநீதனுக்கு மறுக்கத் தெரியவில்லை. பளபளவென்ற பத்துப் பேனல்களை நிழலுக்குள்ளேயே வரிசையாக மாட்டிவிட்டுப் போனான். வெயில் தெரு முழுக்க, ஊர் முழுக்க, ஜில்லா முழுக்கக் கொளுத்தியது. அந்தப் பத்துப் பேனல்மேல் மட்டும் புங்க இலைகள் ஆடின. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் காட்டவேண்டிய, கீழே மாட்டிய இன்வெர்ட்டர் பெட்டி இரண்டைத் தாண்டவில்லை. சித்திரையில் நிழல் பூத்தது. பூவின் நிழல்கள் பொலபொலவென்று கண்ணாடிமேல் உதிர, செம்மலர் தினமும் காலையில் ஏறி ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

தெருவோ அதற்குள் நிழலை வழக்கத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டது. காலையில் மேற்கே சாய்கிற நிழல் ஆட்டோக்காரர்களுக்கு, சாயங்காலம் கிழக்கே சாய்கிற நிழல் கீரை ஆய்கிற, பேன் பார்க்கிற பெண்களுக்கு என்று யாரும் சொல்லாமலே பங்காகியது. வெயிலில் போட்டால் குணம் போய்விடுகிற பச்சிலைகளை நிழலில் உலர்த்துவதற்கு நாட்டுமருந்துக் கடைக்காரர் இந்திராணியிடம் வந்து, "மாடியில நல்ல கெட்டி நிழல் இருக்காமே, ஒரு படி துளசி காயப் போட்டுக்கிறட்டுமா" என்று கேட்டார். வத்தலுக்கு ஆகாத நிழல் துளசிக்காவது ஆகட்டுமே என்று அவளும் சரி என்றாள். சூரியனுக்காகக் கட்டிய மாடி நிழலுக்குப் பேர்போனது அப்படித்தான். உச்சிக்கொப்பின் நிழலில் தொட்டில் நேர்த்திக்கடன் கட்ட ஒருத்தி எங்கிருந்தோ வந்து, எதில் கட்டுவது என்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றுவிட்டு, தொட்டில் துணியின் நிழல் கொப்பின் நிழலோடு சேருகிற மாதிரி பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டு போனாள். கும்பிடலாமா கூடாதா என்று பூசாரியிடமும் கேட்டார்கள், பங்குச் சாமியாரிடமும் கேட்டார்கள். இரண்டு பேரும், அபூர்வமாய் ஒரே பதிலாக, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நிழலின் அருமையைப் பற்றி ஒரு பழமொழி இருக்கிறதல்லவா, அதைச் செம்மலர் காதுபடச் சொல்வதில்லை என்று தெரு முழுக்க நாகரிகம் காத்தது. அய்யாவு மட்டும் தினம் ஒருதரம் தொடங்கி, பாதியில் இருமிக்கொள்வார்.

எல்லாருக்கும் ஆகிவந்தது அவளுக்கு மட்டும் ஆகவில்லை. அப்பாவின் சேமிப்பு மாடியில் வெறுமனே நிற்கிறது, அந்தக் கோபம் ஒரு பக்கம். அதைவிட, சரியாக இருந்தும் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற கோபம். நியாயம் நம் பக்கம், கணக்கு நம் பக்கம், எழுத்து நம் பக்கம், இருந்தும் இந்த நிழல் யாரைக் கேட்டு இங்கே நிற்கிறது? வைகாசியில் காலனிச் செயலாளர் சேதுமாதவனிடம் மனுக் கொடுத்தாள். "தெற்கு மனைக்காரர் தமது நிழலை அகற்ற உத்தரவிடவேண்டும்."

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. அந்த வெயிலில் வேறு எங்கே நடத்த? நிழலில்தான் நாற்காலி போட்டார்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இலையின் நிழல்கள் முகத்தில் ஆட உட்கார்ந்திருக்க, சேதுமாதவன் தொண்டையைச் செருமி, "பைலாவுல மரம் இருக்கு, மாடு இருக்கு, சாக்கடை இருக்கு. நிழலப் பத்தி ஒண்ணும் இல்ல. அதனால ரெண்டு தரப்பும் பேசுங்க" என்றார்.

செம்மலர் எழுந்தாள். மேடையில்லாத குறை தெரியாமல் பேசினாள். மரத்துக் காய் அடுத்த மனையில் விழுந்தாலும் மரக்காரருக்கே சொந்தம் என்றால், மரத்து நிழல் எங்கே விழுந்தாலும் மரக்காரருக்கே சொந்தமா இல்லையா? சொந்தம் என்றால் பொறுப்பும் உண்டா இல்லையா? மரத்தை அகற்ற இசைந்தவர் மரத்தைச் சேர்ந்த எல்லாவற்றையும் அகற்ற இசைந்தவர் ஆவாரா மாட்டாரா? ஒவ்வொரு கேள்விக்கும் கூட்டம் தலையை ஆட்டியது. எந்த நிழலில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நன்றாகப் பேசுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகிவிடும்.

"டீச்சரம்மா, உங்க தரப்பு?" என்றார் சேதுமாதவன்.

பிலோமினா எழுந்தார். கையில் மடித்த ஒரு காகிதம் இருந்தது. குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், வாழ்க்கையில் முதல்தடவை எதிர்த்துப் பேசப்போகிறார் என்று செம்மலர் நாற்காலி நுனிக்கு வந்தாள். அவர் காகிதத்தைப் பிரித்தார், பார்த்தார், நிமிர்ந்து செம்மலரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் வேர்த்துச் சிவந்து, எட்டாம் வகுப்பில் கோப்பைக்காகக் காத்துக்கொண்டிருந்த முகமாகவே இருந்தது. காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

தீர்மானத்துக்குப் பதினோரு கை உயர்ந்தது. பன்னிரண்டாவது கை பிலோமினாவுடையது, அதுவும் உயர்ந்தது. பதினைந்து நாள் கெடு.

"ஜெயிச்சிட்டியா?" என்றாள் இந்திராணி, வாசலில் நின்று.

"ஜெயிச்சிட்டேன்."

"அவ எப்படிடி எடுப்பா அத? சுருட்டியா வைப்பா?"

"அது அவங்க பிரச்சினைம்மா" என்றாள் செம்மலர். இந்த வாக்கியத்தைப் பின்னாட்களில் அவள் எத்தனையோ தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எந்தத் தொனியில் சொன்னாலும் அது கேட்கத் தகுந்ததாய் ஆகவில்லை.

பதினாலாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தெற்கு வீட்டு வாசலில் சின்ன லாரி நின்றது. கட்டில், அரிசி டின், பீரோ, மாதா சுரூபம், முறம். தேவகோட்டைப் பக்கம் தம்பி வீட்டோடு போகிறாராம், அங்கே பால்வாடிக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டாராம். தெருவுக்கே அப்போதுதான் தெரியும். செம்மலர் செருப்புப் போடாமல் ஓடினாள்.

"என்ன அத்தை இது?"

"நானும் ரோசன பண்ணிப் பாத்தேன் மலரு. மரம் என் வீட்ல நின்னுச்சு. மரம் போயும் இது நிக்குதுன்னா என்னைப் பாத்துத்தான் நிக்குது போல. நான் போனா பின்னாலயே வந்துரும்னு தோணுது. உங்கப்பா காசு போட்ருக்காரு, பாவம்."

"இதுக்குப் போயி யாராச்சும் வீட்ட விட்டுப் போவாங்களா? இருங்க. போகாதீங்க."

"ஏன் பிள்ள?"

குத்திக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்பதைப்போலத்தான் கேட்டார். செம்மலர் சொல்ல ஆரம்பித்தாள். காலனித் தீர்மானம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. மாற்றல் உத்தரவை ரத்துச் செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு. ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கையில் இடம் மாறினால் நஷ்டம். தேவகோட்டையில் தண்ணீர் உப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்விட்டுச் சொன்னாள், எல்லாம் மறுக்க முடியாத காரணங்கள். சொல்லச் சொல்ல, இதில் எதுவும் அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. எது அது என்றுதான் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் வாய்க்கு வராமல்போன முதல் வார்த்தை அன்று நாக்குக்கு அடியிலேயே கிடந்தது.

பிலோமினா பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிதாந்தா. நல்லாப் பேசுற" என்றார். பைக்குள் கையை விட்டு மடித்த காகிதத்தை எடுத்தார். "இந்தா, உன் லெட்டர். பத்திரமா வெச்சிருந்தேன். இனிமே எனக்கு என்னத்துக்கு?"

"அத்தை, மன்னிச்சிருங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அது எந்த இருக்கட்டும் என்று செம்மலர் நின்று யோசிக்கும்போதே லாரி கிளம்பியது. கிளம்பியதும் மாடியிலிருந்த நிழல் எழுந்தது. கொடியில் காய்ந்த சேலையை ஒரு முனையிலிருந்து உருவுவதைப்போல, பேனலுக்குப் பேனல் வழுக்கி, சுவரிறங்கி, அடிக்கட்டையைத் தாண்டி, அய்யாவுவின் வண்டியைத் தாண்டி, ரோட்டில் லாரியை எட்டிப்பிடித்துக் கட்டில்மேலும் அரிசி டின்மேலும் ஏறிப் படுத்துக்கொண்டது. காக்கையின் நிழல் சற்றுத் தாமதித்துத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்னாலேயே பறந்தது. இலைகள் ஆட ஆட ஒரு முழுமரத்து நிழலைச் சுமந்துகொண்டு லாரி பஜார் பக்கம் திரும்பியது. "சரி, எடுத்துக்கிட்டுப் போயிட்டாக" என்று சொல்லி அய்யாவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போனார். ஆட்டோக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். கீரை ஆய்கிறவர்கள் அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

செம்மலர் மாடியேறினாள். கல் சுட்டது. காகிதத்தைப் பிரித்தாள். முத்து முத்தான கையெழுத்து. மரம் நீங்கலாக மற்ற யாவும் இருந்தது இருந்தபடியே இருக்கும் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன். அன்றைக்குக் கூட்டத்தில் இந்த ஒரு வரியை வாசித்திருந்தால் போதும். அவளுடைய மூன்று கேள்வியும் அந்த நிமிஷமே விழுந்திருக்கும், பதினோரு கையும் மடங்கியிருக்கும், தெருவே சிரித்திருக்கும். எதிர்த்துப் பேச வராது என்று சொன்னவரின் கையில், எப்போதும் தோற்காத ஒரு வாதம், செம்மலரே எழுதிக் கொடுத்தது, இருந்திருக்கிறது. பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துவிட்டார்.

"மலரு!" கீழேயிருந்து இந்திராணி கத்தினாள். "பெட்டியில பச்சை லைட்டு எரியுதுடி! நம்பர் ஏறுது, ஏறிக்கிட்டே போகுது!"

பத்துப் பேனலும் ஜொலித்தன. துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்த படத்தைப்போலவே இருந்தது. எட்டுக் கேள்விக்கும் ஆம், நிழல் விழுகிறதா என்ற ஒன்பதாவதுக்கு இல்லை. வெயில் ஏற ஏறத் தெரு ஒரு ஈ காக்கை இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. வரிசையின் முதல் பேனலை அணைத்தாற்போல நின்றிருந்தவள், கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாய் ஒன்றைப் பார்த்தாள். ஓர் இலையோ என்று குனிந்து பார்த்தாள். இலை இல்லை. அவளுடைய தலைதான். தெற்குத் திசை முழுக்கத் திறந்து கிடந்த அந்த மாடியில் கண்ணாடிமேல் மிச்சமிருந்த ஒரே நிழல் அவளுடையது.

"ஏன்டி, குறைஞ்சிருச்சே! நல்லாத்தான ஏறுச்சு. மேல என்னமோ மறைக்குது போல, என்னான்னு பாரு!"

செம்மலர் நகரவில்லை.

"மலரு, காது கேக்குதா இல்லையா? எதுவா இருந்தாலும் எடுத்துவிடுடி!"

"இருக்கட்டும்மா" என்றாள்.

"ஏன்?"

காரணம் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள், லாரி போன திசையைப் பார்த்தபடி வெயிலில் நின்றாள்.

"இருக்கட்டும்."